அலர்ஜி ஊசி ஆஸ்துமாவுக்கு கேக்குமா கேக்காதா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க

தூசித்தும்மல்:
தம்பிக்கு சின்ன வயசுலேர்ந்து வீசிங். ஸ்கின் டெஸ்ட்ல டஸ்ட் மைட்டுக்கு (வீட்டுத் தூசியில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி) நல்லா தடிச்சுது, மூணு வருஷம் இம்யூனோதெரபி, அதாவது அலர்ஜி தர்ற பொருளையே கொஞ்சம் கொஞ்சமா குடுத்து உடம்பைப் பழக்கற ஊசி, எடுக்கலாம்னு டாக்டர் சொல்றார். படிச்சுப் பாப்போம்னு உக்காந்தா ஒரு ஆராய்ச்சி பலன் இருக்குங்குது, இன்னொண்ணு ஒண்ணுமே இல்லேங்குது. 1911ல லண்டன்ல லெனார்ட் நூன் ஆரம்பிச்ச வைத்தியமாம், இன்னுமா முடிவு தெரியல?

ராக்கோழி:
நூன் பாத்தது புல் மகரந்தம், அதுவும் மூக்கொழுகுற கேஸுக்கு. ஆஸ்துமா வேற கதை. 1997ல பால்டிமோர்ல 121 பிள்ளைங்களுக்கு போட்டுப் பாத்தாங்க, ஊசி போட்டதுல 31 சதவீதத்துக்கு ஆஸ்துமா அடங்கிருக்கு, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டதுல 28. அவ்ளோதான், வேஸ்ட்னு நிறைய பேர் மூடிட்டாங்க. ஆனா ரெண்டு பக்கமும் இன்ஹேலர்லாம் ஒழுங்கா குடுத்து அடிக்கடி கூப்ட்டு பாத்துட்டே இருந்தாங்க, ஏற்கனவே நல்லா இருக்கிற பிள்ளைக்கு ஊசி இன்னும் என்னத்த காட்டும்?

மூச்சுக்காரன்:
அதைத்தான் 2016ல ஐரோப்பால மாத்தி யோசிச்சாங்க. 834 பெரியவங்க, மைட்டுக்கு மட்டும், நாக்கடியில வைக்கிற மாத்திரை. கடைசி ஆறு மாசத்துல ஸ்டீராய்டு இன்ஹேலரை முதல்ல பாதியாக்கி அப்புறம் சுத்தமா நிறுத்திட்டு யாருக்கு இழுப்பு முந்தி வருதுன்னு பாத்தா, மாத்திரை எடுத்தவங்களுக்கு ரிஸ்க் சுமார் 30 சதவீதம் கம்மி. காமெடி என்னன்னா அதே ட்ரையல்ல 'ஆஸ்துமா எப்படி இருக்கு'ன்னு கேள்வித்தாள் குடுத்தா பெருசா வித்தியாசமில்ல. ஒரே ட்ரையல், எதை அளந்தோமோ அதுக்கேத்த பதில்.

வார்டு அக்கா:
யாரை சேக்கறாங்கன்னும் பாருங்கப்பா. பிரிட்டன்ல 1957லேர்ந்து இந்த ஊசியால 26 பேர் இறந்துட்டாங்கன்னு 1986ல கணக்கு வந்துச்சு, நிறைய பேர் ஆஸ்துமாக்காரங்க. அதனால சிவியர் கேஸை பொதுவா ட்ரையலுக்கே எடுக்கறதில்ல, லேசா இருக்கறவங்களதான் எடுப்பாங்க, அவங்களுக்கு அட்டாக்கே எப்பவாவதுதான் வரும், வராததை எப்படி குறைச்சுக் காட்டுறது? இதுல ஒவ்வொரு கம்பெனி மருந்துக்கும் ஒரு யூனிட், ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடவே முடியாது.

தூசித்தும்மல்:
அப்போ டாக்டர்ட்ட என்னக்கா கேக்கணும்?

வார்டு அக்கா:
மருந்து மைட்டுக்கு மட்டுமா, பல அலர்ஜிக்கும் சேத்த கலவையான்னு கேளு. ஊதற டெஸ்ட்ல எஃப்இவி1 (முதல் செகண்ட்ல ஊதித் தள்ற காத்து) இருக்க வேண்டிய அளவுல 70 சதவீதத்துக்கு மேல இருக்கான்னு பாரு, மைட் மாத்திரைக்கு ஜீனாங்கற உலக ஆஸ்துமா அமைப்போட கைட்லைன் அதைத்தான் சொல்லுது, கூடவே மூக்கு அலர்ஜியும் இருக்கணும். எதுவானாலும் இன்ஹேலரை நீங்களா நிறுத்திடாதீங்க.

தூசித்தும்மல்:
மூக்கு அலர்ஜியா, காலைல அவன் தும்மல்தான் எங்க வீட்டு அலாரமே 😄 ஊதற டெஸ்ட் மட்டும் இன்னும் எடுக்கல.