தன்பாலீர்ப்பாளன் என்று தெரிந்ததும் வேலையில் ஒதுக்குகிறார்கள், என்ன செய்வது?

திருப்பூர்க்காரன்:
பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாக ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன மாதம் என்னைப் பற்றி எப்படியோ பரவிவிட்டது. அதற்கப்புறம் பையர் (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) மீட்டிங்குக்குக் கூப்பிடுவதில்லை, சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார ஆளில்லை, எச்ஆரிடம் போனால் "வீட்ல சொல்லி ஒரு கல்யாணம் பண்ணிக்கங்க தம்பி, சரியாயிருமுங்க" என்கிறார். சட்டத்தில் வழி இருக்கிறதா?

கோவை வக்கீல்:
தம்பி, மனசு விட்டுராதீங்க. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் வயது வந்தவர்களின் சம்மத உறவு குற்றமில்லை என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பாலீர்ப்பைக் காட்டித் தனியார் கம்பெனி பாகுபாடு செய்யக் கூடாது என்று நேரடியாகச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை, 2019-இல் வந்த சட்டம் திருநர்களுக்கானது. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் விஷயம்.

ஆடிட் பார்த்தவன்:
சரக்கு தரும் கம்பெனிகளுக்குப் பையர் வைத்திருக்கும் நடத்தை விதிகளைத் தேடிப் படிங்க. பல பிரிட்டிஷ் பையர்கள் பின்பற்றும் ஈடிஐ (எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு) அடிப்படை விதிகளில் வேலைக்கு எடுப்பது, சம்பளம், பதவி உயர்வு, நீக்கம் எதிலும் பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு கூடாது என்று எழுதியே இருக்கிறது. எச்ஆரிடம் வாயால் பேசாதீங்க, எந்தத் தேதியில் எந்த மீட்டிங்கில் விட்டார்கள் என்று மெயிலில் போடுங்க, நகலை வீட்டில் வைங்க. பையருக்கு எழுதும் முன் மட்டும் நிதானமாக யோசிங்க, பெயர் வெளியே போனால் வீடு வரைக்கும் வரும்.

திருப்பூர்க்காரன்:
நன்றிங்க. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அதுதான் பயம். மெயிலை இன்றைக்கே எழுதுகிறேன்.