மறு: டயர் ஓட்டையில் செருகும் அந்தத் துண்டுக்கு ஒரு சொல் – "அடைதிரி"

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பைக்கில் தொலைதூரம் போகிறவர்கள் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டிய சாமான் பட்டியலுக்கு நாம் தமிழ்ப் பெயர் தேடி வருவதில் பெரும்பாலான சொற்கள் முடிந்துவிட்டன. திருப்புளி (ஸ்க்ரூடிரைவர்), குறடு (பிளையர்), கட்டுக்கம்பி மூன்றுக்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஸ்பேனரை ஸ்பேனராகவே விட்டுவிடலாம் என்பதே என் கருத்தும். பத்து, பன்னிரண்டு, பதினாலு என்று எண்ணைச் சொல்லியே பட்டறையில் கேட்டு வாங்குகிறோம், அதில் புதுப் பெயர் நிற்காது. பட்டறைக்காரர்கள் 'எல்என் கீ' என்பது ஆலன் கீயின் மருவல்தான். அதற்கு 'அறுகோணச் சாவி' நன்றாகவே இருக்கிறது.

மிச்சம் ஒன்றுதான். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால், ஓட்டைக்குள் விட்டு அடைக்கிற ரப்பர் பூசிய அந்த நூல் துண்டு, ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரிப்'.

'ஒட்டுத்துண்டு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். 'பஞ்சர் ஒட்டப்படும்' என்று பலகையில் படித்தே வளர்ந்தவர்கள் நாம், அந்த நினைப்பில் வந்த சொல் அது. ஆனால் ஒட்டுவது டியூப் வேலை. டியூப்பை வெளியே உருவி, தேய்த்து, சொல்யூஷன் தடவி, மேலே பேட்ச் வைப்பது. டியூப்லெஸ்ஸில் டயரைக் கழற்றுவதே இல்லை, வெளியிலிருந்தே ஓட்டையை அடைக்கிறோம். இரண்டுக்கும் 'ஒட்டு' என்றே பெயர் வைத்தால், கடைக்குப் போகிற பையன் டியூப் பேட்ச் டப்பாவை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வான். அது உதவாது என்பது நடுவழியில்தான் தெரியவரும்.

'செருகி' என்ற பரிந்துரையிலும் எனக்குத் தயக்கம் உண்டு. இதே பட்டியலில் ஸ்பார்க் பிளக்குக்குத் 'தீப்பொறிச் செருகி' என்று போட்டிருக்கிறோம். ஒரே பைக்குள் இரண்டு செருகி வேண்டாம். 'தக்கை' நல்ல சொல், பழகிய சொல். ஆனால் தக்கை என்றால் விறைப்பாக, வேண்டும்போது பிடுங்கித் திரும்பப் போடுகிற ஒன்றுதான் மனதில் வருகிறது. இது வளைந்து நெளிந்து உள்ளே போகிறது, போனால் திரும்பி வருவதில்லை.

எனக்கு இந்தச் சொல் கிடைத்த இடத்தைச் சொல்கிறேன். போன மாதம் இரவு ஒன்பதரை இருக்கும், அக்கா மகன் திண்டிவனம் தாண்டி நின்றுகொண்டு போன் செய்தான். பின் டயரில் ஆணி. "மாமா, பையில எல்லாம் இருக்கு, எது எதுன்னுதான் தெரியல." ஸ்ட்ரிப்பை எடு என்றேன், கேபிள் டையை எடுத்துக் காட்டினான். அப்புறம், "வெளக்குத் திரி மாதிரி, கொஞ்சம் தடிமனா, பழுப்பா, தொட்டா பிசுபிசுன்னு ஒண்ணு இருக்கும் பாரு" என்றேன். உடனே எடுத்துவிட்டான். அதன் பிறகு நாங்கள் இருவருமே அதைத் திரி என்றுதான் சொன்னோம். ஆணியைப் பிடுங்கு, அரத்தை விட்டு ஓட்டைக்குள் நாலைந்து தடவை முறுக்கித் தேய், ஊசிக் காதில் திரியைப் பாதி வரைக்கும் கோத்துக்கொள், அழுத்தி உள்ளே இறக்கு, இரண்டு நுனியும் ஒரு விரலகலம் வெளியே நிற்கட்டும், இப்போது ஊசியை மட்டும் வெடுக்கென்று இழு. ஊசியின் காது ஒரு பக்கம் பிளந்திருப்பதால் திரி உள்ளேயே நின்றுவிடும். காற்றடித்து, எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கிற நுனிகளை வெட்டிவிட்டான். கால் மணி நேரத்தில் கிளம்பியும் விட்டான்.

'திரி' என்று மட்டும் சொன்னால் விளக்கும் வெடியும்தான் நினைவுக்கு வருகின்றன என்ற மறுப்பு வரலாம். அதனால்தான் 'அடை' சேர்கிறது. அடைக்கும் திரி, அடைதிரி. நம் பட்டியலில் மறுப்பே வராத சொற்களைப் பாருங்கள்: திருப்பும் உளி திருப்புளி, கட்டும் கம்பி கட்டுக்கம்பி. கொத்தனாரும் தச்சரும் வினையை முன்னால் வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன செய்யப் போகிறோம் என்பது பொருளைக் கையில் எடுக்கும்போதே தெரிகிறது. எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். இது ஊறுகாய் போல வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. 'அடைத்திரி' என்று எழுதினால் அது தோசைக்கல்லில் வார்க்கிற அடையாகிவிடும்.

இன்னொரு பலமும் இதற்கு இருக்கிறது. சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருந்துகளில் 'வர்த்தி' என்று ஒன்று உண்டு. மருந்து தோய்த்த திரியைப் புண்ணின் துளைக்குள் செலுத்துவது. துளைக்குள் திரி வைப்பது நமக்குப் புதிதே இல்லை. டயருக்கு அதே வேலையைச் செய்கிறோம், மருந்துக்குப் பதில் ரப்பர்.

'அடைதிரி' ஏற்கப்பட்டால், கூட இருக்கிற இரண்டு கருவிகளுக்கும் பெயர் எளிதாகிவிடும். தேய்க்கிற முறுக்குக் கம்பி துளையரம். கோணி ஊசிக்குக் குறுக்குப் பிடி போட்ட மாதிரி இருக்கும் மற்றது திரியூசி. பட்டியலில் அந்த வரியை இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: "அடைதிரி ஐந்து, துளையரம் ஒன்று, திரியூசி ஒன்று, கையடக்கக் காற்றுப் பம்பு ஒன்று. டயரின் தரை தொடும் பகுதியில் உள்ள ஓட்டைக்கு மட்டும். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் அடைதிரி தாங்காது." ஸ்போக் சக்கரம் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் டியூப்தான் இருக்கும், அவர்களுக்கு ஒட்டுத்துண்டும் டயர் நெம்பி இரண்டும் தனி வரியாக வரட்டும்.

பட்டறையில் வேலை செய்கிற நண்பர்கள் யாராவது இதற்கு வேறு பெயர் புழங்கிக் கேட்டிருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அப்படி ஒரு சொல் இருந்தால் என் சொல்லை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு வரைக்கும் பட்டியலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

அன்புடன்.