பாசிர் ரிஸ் வீட்டு இரும்பு கேட்டில் பெயிண்ட் நிற்கவில்லை, ஏன்?

கேள்வி:
சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் கடலைப் பார்த்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் 12ஆம் மாடியில் குடியிருக்கிறோம். தீபாவளிக்கு முன் வாசல் இரும்பு கேட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் ஒரு கோட்டும் எனாமல் இரண்டு கோட்டும் அடித்தேன். பொங்கல் வருவதற்குள் அடிச்சட்டத்தில் கொப்புளம் கிளம்பிவிட்டது. சென்ற ஆண்டு புதிதாக வைத்த இரண்டு கம்பிகளில் துருவே கிடையாது. ஆனாலும் அங்கும் பெயிண்ட் பாம்புச் சட்டைபோல் உரிகிறது. மலிவான பெயிண்ட் வாங்கியதுதான் தவறா?

மறுமொழி 1:
துவாஸில் கப்பல் பட்டறைப் பெயிண்ட் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெயிண்டைக் குறை சொல்லும் முன், உரிந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள். அதன் பின்புறம் எப்படி இருக்கிறது?

கேள்வி கேட்டவர்:
அடிச்சட்டத்துச் செதிலின் பின்புறம் செம்பழுப்புப் பொடி அப்பியிருக்கிறது. புதுக் கம்பிகளின் செதில் வழவழவென்று சுத்தமாக இருக்கிறது ஐயா. அடியில் தெரியும் உலோகம் மங்கிய சாம்பல் நிறம்.

மறுமொழி 1:
அப்படியானால் இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். சாம்பல் நிறக் கம்பிகள் பெரும்பாலும் துத்தநாக முலாம் பூசியவை. சாதாரண எனாமலை அதன்மேல் அடித்தால், பெயிண்டில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு வினைபுரிந்து அடியில் சோப்புப் படலமாக மாறிவிடும், பிறகு எது ஒட்டும்? அந்தப் பெயிண்டை முழுவதும் எடுத்துவிட்டு, முலாம் கிழியாதபடி நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, முலாம் இரும்புக்கென்றே டப்பாவில் எழுதியிருக்கும் பிரைமரை அடியுங்கள்.

அடிச்சட்டத்தில் துருவோடு உப்பும் இருக்கிறது. கடற்காற்று கொண்டுவரும் உப்பு துருக்குழிகளுக்குள் தங்கி, பெயிண்ட் காய்ந்த பிறகும் அதன் வழியாக ஈரத்தை உள்ளே இழுப்பதால்தான் கொப்புளம் வருகிறது. ஆகவே தேய்ப்பதற்கு முன்பே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பூட்டுப் பக்கம் படிந்திருக்கும் கைப்பிசுக்கையும் எண்ணெயையும் சோப்புத் தண்ணீரால் போக்குங்கள். பிசுக்கு இருக்கும்போதே தேய்த்தால் அது உலோகக் கீறல்களுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அதன்பின் சுரண்டி, 80ஆம் எண் உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, நிற்கும் பழைய பெயிண்டின் ஓரங்களை 120இல் சரிவாக்கி, மறுபடி கழுவி உடனே துடைத்து உலர்த்துங்கள். தின்னரில் துடைப்பதானால் ஒரு துணியால் நனைத்து இன்னொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியானால் அழுக்கை இடம் மாற்றியதாகத்தான் ஆகும்.

மறுமொழி 2:
இவ்வளவு சுரண்டுவதற்குப் பதில், பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி அடித்தால் போதாதா?

மறுமொழி 1:
ஒட்டிப் பிடித்திருக்கும் மெல்லிய துருவுக்கு அது உதவும். அடுக்கடுக்காகப் பொரிந்த துருவில் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் உள்ளது அப்படியே இருக்கும். சுரண்டிய பின் குழிகளில் எஞ்சுவதற்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள்.

மறுமொழி 3:
நேரத்தையும் கவனியுங்கள். இங்கே விடியலுக்கு முன் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். உலோகத்தின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 85ஐத் தாண்டக் கூடாது என்பதே இத்தொழிலின் வழக்கம். நான் ஒருமுறை சனிக்கிழமை மாலை சுத்தம் செய்துவிட்டு ஞாயிறு காலை பிரைமர் எடுத்தபோது, பளபளத்த கம்பியில் மஞ்சள் துரு பூத்திருந்தது. மீண்டும் முதலிலிருந்து தேய்த்தேன். பழைய அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தாழ்வாரத்தில் தூசி பறக்காதபடி ஈர உப்புத்தாளால் தேய்த்து, முகக்கவசமும் அணியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நான் காலை எட்டு மணிக்கே, கழுவாமல், தின்னரும் தொடாமல் அடித்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை காலையிலேயே கழுவிச் சுரண்டி, அன்று பிற்பகலுக்குள் பிரைமரை முடித்துவிடுகிறேன். அந்த இரண்டு கம்பிகளுக்கு வேறு டப்பா.