நிக்காஹ் ஒப்பந்தத்தில் 'இன்னொரு திருமணம் கூடாது' என்று எழுத வழி உண்டா?

அஸ்ஸலாமு அலைக்கும். தூத்துக்குடி மாவட்டம், ஷாஃபி மத்ஹப் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று). ரமலான் முடிந்ததும் தங்கச்சிக்கு நிக்காஹ். இன்னொரு திருமணம் செய்யமாட்டேன் என்று மாப்பிள்ளை எழுதித் தரவேண்டும் என்கிறாள். அவருக்குச் சம்மதம்தான், ஜமாஅத்தில் மறுக்கிறார்கள்.

மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடம் கேட்டுப் பார்த்தோம். அல்லாஹ் அனுமதித்ததைத் தடுக்கும் நிபந்தனை செல்லாது என்றார் ஒருவர். ஹன்பலி மத்ஹபில் செல்லும், கணவர் மீறினால் மனைவி மணத்தை முறிக்கலாம் என்றார் இன்னொருவர். நீதமாக நடக்க முடியாதென அஞ்சினால் ஒருத்தி போதும் என்று குர்ஆனே (4:3) சொல்லும்போது, அவள் கேட்பதில் என்ன தப்பு? வக்கீல் 1939ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தைக் காட்டினார். ஆனால் கணவர் இன்னொரு திருமணம் செய்தார் என்பதற்காக மட்டும் அது கைகொடுக்காது, மனைவியரைச் சமமாக நடத்தாவிட்டால்தான் கைகொடுக்கும்.

கணவர் மறுமணம் செய்தால் மனைவியே தலாக் சொல்லிக்கொள்ளும் உரிமையை, அதாவது தஃப்வீழை, தமிழ்நாட்டில் யாராவது எழுதி வாங்கியிருக்கிறீர்களா, எந்த வாசகத்தில்?