முடுக்கு திரும்ப வருதாம், ஆனா பத்திரம் அவரு பேர்ல இருக்கே?

அண்ணாச்சிமாரே, எங்க தெருவுல இருந்து ஆத்துக்குப் போற 8 அடி முடுக்கை, அதான் குறுகலான சந்து வழிய, உள்ளாட்சிக்காரங்க மண்டபம் கட்டுதவருக்குக் கொடுத்துட்டு, பதிலுக்குக் கிழக்க அவரு இடத்துல பாதை வாங்குனாங்க. இப்ப மண்டபமே இல்லன்னு ஆகிப்போச்சு, முடுக்கைத் திரும்ப எடுத்துக்கிடலாம்னு தீர்மானமும் போட்டாச்சு, ஆனா தகரக் கதவு இன்னும் பூட்டித்தான் கெடக்கு, எங்க ஆச்சி வெயில்ல சுத்திதான் குளிக்கப் போறா. தீர்மானம் மட்டும் போதுமா?

பதில் 1:
போதாது தம்பி. பரிவர்த்தனைப் பத்திரம், அதாவது இடத்துக்கு இடம் மாத்திக்கிட்ட பத்திரம், பதிவாயிருந்தா இடம் சட்டப்படி அவருக்குப் போயிட்டு, திரும்பவும் ஒரு பத்திரம் பதிஞ்சாத்தான் வரும். 1882 சொத்து மாற்றுச் சட்டம் 118-ஆம் பிரிவுலயே பரிவர்த்தனையையும் கிரயம் மாதிரித்தான் எழுதணும்னு இருக்கு. மொதல்ல வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க, அவரு அந்த இடத்த வச்சு பேங்க்ல கடன் வாங்கியிருந்தா அத அடைக்காம கைவைக்க முடியாது. அப்புறம் பட்டா, புலப்படம் (நிலத்தோட அளவு வரைபடம்) ரெண்டும் மாறணும். அத விட்டுட்டா பத்து வருசம் கழிச்சு அவரு மகன் வந்து கல்லு ஊனுவான்.

பதில் 2:
கிழக்குப் பாதைய இப்பமே விட்டுக்கொடுத்துராதீங்க. பழைய முடுக்கு திறந்து, தண்ணிக் குழாய் சாக்கடை எல்லாம் சரியா இருக்கான்னு பாத்தபொறவு கொடுக்கணும். எங்க ஊர்ல முந்திக் கொடுத்துட்டு ரெண்டு பக்கமும் வழியில்லாம நின்னோம், அந்த வேதனை ஒங்களுக்கு வேண்டாம்.

பதில் 3:
தீர்மானத்தோட நகல், பழைய பத்திர நகல் ரெண்டையும் தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க, 10 ரூவா தான், 30 நாள்ல பதில் சொல்லியாகணும்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, திங்கக்கெழமையே வில்லங்கம் போடுதேன்.