படர்தாமரை மாத்திரை ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

நொய்யல்கரை:
எல்லோருக்கும் வணக்கம். இடுப்பிலும் தொடை இடுக்கிலும் எனக்குப் படர்தாமரை, வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீம்தான் போட்டேன். போட்ட இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிடும், நிறுத்தினால் முன்பைவிட அகலமாகப் படரும். இப்போது வட்டத்துக்குள் வட்டமாக இருக்கிறது, தொடையில் கோடு கோடாக வெளுத்தும் போய்விட்டது. வீட்டுக்காரிக்கும் ஒட்டிக்கொண்டது, சின்னவளுக்கு முதுகில் ஆரம்பிக்கிறது. வேலை சாயப்பட்டறையில், நாள் முழுக்க ஈரமும் சூடும்தான்.

போன வாரம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போனேன். டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, இரண்டு மாத்திரைகளில் எது நன்றாகக் கேட்கிறது என்று ஒரு ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா என்று கேட்டார். யாருக்கு எந்த மாத்திரை என்று அவர் முடிவு செய்ய மாட்டாராம், ஒட்டிய உறையைப் பிரித்தால் என்ன எழுதியிருக்கிறதோ அதுதானாம். இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆளைப் பார்த்து மருந்து கொடுப்பதுதானே வைத்தியம்? "நம்மை வைத்துச் சோதனை பண்றாங்க, வேண்டாம்" என்கிறாள் வீட்டில். தமிழில் ஒரு விளக்கத் தாள் கொடுத்திருக்கிறார்கள், படித்தும் பாதி புரியவில்லை. செவ்வாய்க்கிழமை பதில் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு_அக்கா:
தம்பி, நான் தோல் பிரிவில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். முதலில் அந்தக் க்ரீமை நிறுத்துங்கள். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கொடுக்கிற க்ரீமில் பெரும்பாலும் க்ளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது, அந்த இடத்தில் தோலின் எதிர்ப்பைக் குறைத்துவிடுவதால் பூஞ்சைக்கு இன்னும் வசதி. வட்டத்துக்குள் வட்டம் வருவதும் தொடையில் கோடு விழுவதும் அதனால்தான். கோடு மங்கும், முழுதாக மறையாது, இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நிறுத்தியதும் சில நாள் அரிப்பு கூடும், அதைப் பார்த்து மறுபடி ட்யூபை எடுத்துவிடாதீர்கள். 2018இல் மத்திய அரசே இந்த வகை க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியை மாற்றியது. ஆனாலும் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள், எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது ஆய்வுக்கு வருகிறேன். முன்பெல்லாம் டெர்பினாஃபின் மாத்திரை சில வாரம் சாப்பிட்டால் படர்தாமரை போய்விடும். இப்போது நம் நாட்டில் பரவியிருப்பது வேறு வகைப் பூஞ்சை, 2020இல் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். பூஞ்சை தன் சவ்வைக் கட்ட ஒரு நொதி வேண்டும், டெர்பினாஃபின் அதில் போய் ஒட்டி வேலையை நிறுத்தும். இந்தப் பூஞ்சை பலவற்றில் அந்த நொதியின் வடிவமே கொஞ்சம் மாறிவிட்டது, பூட்டு மாறினால் பழைய சாவி என்ன செய்யும்?

வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் 200 நோயாளிகளை ஐம்பது ஐம்பது பேராகப் பிரித்து நான்கு மாத்திரைகளை ஒப்பிட்டார்கள், 2020இல் வெளிவந்தது. நான்கு வாரத்தில் எந்த மாத்திரையிலும் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் குணமாகவில்லை. எட்டு வாரத்தில் இட்ராகோனசோல் சாப்பிட்டவர்களில் 66 சதவீதம், ஃப்ளூகோனசோலில் 42, டெர்பினாஃபினில் 28, க்ரிசியோஃபுல்வினில் 14. புத்தகத்தில் முதல் மருந்து என்று எழுதியிருந்தது மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது! இப்படி யாராவது ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்தால், கேட்காத மாத்திரையையே இன்னும் வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்போம்.

உறை விஷயத்தில் சந்தேகமே வேண்டாம். டாக்டரே மாத்திரையைத் தேர்ந்தெடுத்தால், நோய் முற்றினவர்களுக்குத் தான் நம்புகிற மருந்தைத்தான் கொடுப்பார், யாராக இருந்தாலும் அப்படித்தான் கை போகும். அப்புறம் குணமானது மருந்தாலா, நோய் லேசாக இருந்ததாலா என்று எப்படிப் பிரிப்பது? ஆய்வுக்குள் எடுக்கும்போதே இரண்டு மாத்திரையும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்த்துவிட்டுத்தான் உறையைப் பிரிப்பார்கள்.

கொள்ளிடம்_மீனா:
அக்கா சொன்னது சரிதான், ஆனால் எல்லா இடத்திலும் இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒரு ஆய்வில் இருந்தேன், எங்கே என்று எழுத விரும்பவில்லை. முதல் நாள் அருமையாகப் பார்த்தார்கள். ஓரத்தில் பொருக்காக இருந்த இடத்தை ப்ளேடின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டி, மாவு மாதிரி உதிர்ந்ததைக் கண்ணாடித் துண்டில் வைத்து ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து நுண்ணோக்கியில் என்னையே பார்க்கச் சொன்னார்கள். தோல் செல்களுக்கு நடுவே கிளை கிளையாக நூல் ஓடியது. அரிப்பு வெறும் வேர்க்குருவால் இல்லை என்று அப்போதுதான் எனக்கு முழுசாக நம்பிக்கை வந்தது. ஆனால் போகப் போக பஸ் காசு தருவதாகச் சொன்னதைத் தரவில்லை, மாத்திரை முடிந்த பிறகு திரும்ப வருகிறதா என்று பார்க்கக் கூப்பிடவும் இல்லை. இந்த நோயில் திரும்ப வருவதுதானே பெரிய தொல்லை, அதைப் பார்க்காமல் என்ன ஆய்வு? எனவே மாத்திரை நின்ற பிறகு எத்தனை மாதம் பார்ப்பீர்கள், அதுவரை குணமாகாவிட்டால் என்ன கொடுப்பீர்கள், போக வர செலவு யாருடையது, இந்த மூன்றையும் கேட்டு, அந்தத் தாளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பதிவேடு_பார்ப்பவர்:
நொய்யல்கரை நண்பரே, தாளில் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண் இருக்கும், சிடிஆர்ஐ என்று ஆரம்பிக்கும். அதை அந்தப் பதிவேட்டின் இணையதளத்தில் போட்டால் என்ன மருந்து, எத்தனை பேர், எதை அளக்கிறார்கள் என்று எல்லாம் வரும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு கிடையாது. 2007இல் தொடங்கிய பதிவேடு இது, 2009இலிருந்து மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்வது கட்டாயம். எண் இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள், மழுப்பினால் சேர வேண்டாம். ஆய்வில் சேர்கிறவர்களுக்கு அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்கிற நெறிமுறைக் குழுவின் போன் நம்பரும் தாளில் இருக்க வேண்டும், மீனா சொன்ன மாதிரிப் பிரச்சினைகளுக்கு அங்கேதான் பேச வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, விலகியதற்காக ஓ.பி.யில் வைத்தியம் இல்லை என்று சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்ட தாளின் பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை:
மிக்க நன்றி. எண் இருக்கிறது, இணையதளத்திலும் பார்த்துவிட்டேன், ஒரு மாத்திரை இட்ராகோனசோல் என்று போட்டிருக்கிறது. இரண்டு சந்தேகம். வயிற்று எரிச்சலுக்கு பான்டோப்ரசோல் தினமும் சாப்பிடுகிறேன், அதைச் சொல்ல வேண்டுமா? அப்புறம் பெரியவர்களை மட்டும்தான் சேர்க்கிறார்களாம், வீட்டில் மற்ற இருவரை என்ன செய்வது?

வார்டு_அக்கா:
கட்டாயம் சொல்லுங்கள் தம்பி. இட்ராகோனசோல் கேப்ஸ்யூல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், பான்டோப்ரசோல் அதைக் குறைத்துவிடும், அப்புறம் மருந்து கேட்கவில்லை என்று ஆய்விலும் தப்பாகப் பதிவாகும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், டாக்டர் முடிவு செய்யட்டும். இதயம் பலவீனம் என்று யாராவது சொல்லியிருந்தாலும், கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள், இதய பலவீனத்துக்கு இது ஆகாது, கொழுப்பு மாத்திரைகள் சிலவற்றோடும் சேராது. சாப்பிட்ட உடனே போட வேண்டிய கேப்ஸ்யூல் இது, வெறும் வயிற்றில் வேண்டாம்.

வீட்டுக்காரம்மாவையும் பாப்பாவையும் செவ்வாய்க்கிழமை கூடவே கூட்டிப்போய்த் தனி ஓ.பி. சீட்டுப் போடுங்கள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடக்காவிட்டால் மாறி மாறி ஒட்டிக்கொண்டே இருக்கும். துண்டு, சோப்பு தனித்தனி, உள்ளாடையை வெந்நீரில் துவைத்து வெயிலில் உள்பக்கம் வெளியே தெரியக் காயப்போடுங்கள். இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள், ஈரத்தோடு அதிலேயே பூஞ்சை தங்கும். பட்டறையில் மாற்றுத் துணி ஒன்று வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அங்கேயே துடைத்து மாற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.