பின்னால் இருக்கும் விண்டோவை மட்டும் மங்கலாக்க வழி உண்டா?

கேள்வி: குபுண்டு லினக்ஸ், அதோட பிளாஸ்மா டெஸ்க்டாப். எழுதும்போது பக்கத்து பிரவுசர் கண்ணை இழுக்குது. என்ன போடலாம்?

பதில்: தனியா எதுவும் போட வேண்டாம், உள்ளேயே இருக்கு. சிஸ்டம் செட்டிங்ஸ்ல டெஸ்க்டாப் எஃபெக்ட்ஸ் போய் 'டிம் இன்ஆக்டிவ்' டிக் பண்ணுங்க. அதோட செட்டிங்ஸ்ல ஸ்ட்ரெங்த் (எவ்வளவு மங்கணும்ங்கற அளவு) 25-ல இருக்கும். 40 வரை ஏத்தலாம். ரொம்ப ஏத்தினா பக்கத்துல வச்ச குறிப்பையே படிக்க முடியாது. அதுலயே 'டெஸ்க்டாப்' டிக் பண்ணா வால்பேப்பரும் மங்கும்.

கேள்வி கேட்டவர்: நன்றி, பிரவுசர் அடங்கிடுச்சு. ஆனா எடிட்டர்ல ரெண்டு ஃபைல் தனித்தனி விண்டோல திறந்தா ரெண்டுமே பளிச்னு நிக்குதே?

பதில்: ஒரே புரோகிராமோட விண்டோக்களை ஒரே குரூப்பா எடுத்துக்குது. அதே செட்டிங்ஸ்ல விண்டோ குரூப் டிக்கை எடுத்துடுங்க.

இன்னொருவர்: எக்ஸ்11-ல (லினக்ஸ்ல திரையில விண்டோ காட்டுற பழைய முறை) ஆல்ட்+ஷிஃப்ட்+எஃப்12 தெரியாம தட்டினா எஃபெக்ட் மொத்தமும் நின்னுடும். மங்கல் திடீர்னு காணாமப் போனா முதல்ல அதைத் திரும்ப அழுத்திப் பாருங்க.